படர்தாமரை, தேமல், பொடுகு: பூஞ்சை எதிர்ப்புக் களிம்புகளையும் ஷாம்புகளையும் முறையாகப் பயன்படுத்துதல்

தோல் அரிப்பு என்று புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரிடம், இதுவரை எதைப் பூசினீர்கள் என்பதையே நான் முதலில் கேட்பது வழக்கம். பலர் பதில் கூறாமல் பையிலிருந்து பாதி பிதுக்கிய ட்யூப் ஒன்றை எடுத்து மேசைமீது வைப்பார்கள். அதன் மேல் மூன்று நான்கு மருந்துகளின் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று பூஞ்சையைக் கொல்வது. மற்றொன்று அந்தப் பூஞ்சைக்கே துணைசெய்வது. "பூசினால் நின்றுவிடுகிறது டாக்டர், விட்டால் வந்துவிடுகிறது" என்று அவர்கள் சொல்வதன் காரணம் பெரும்பாலும் அந்த ட்யூபிலேயே இருக்கிறது.

பூஞ்சைத் தொற்று பெரும்பாலும் குணமாகக்கூடிய நோய். அதற்கான களிம்புகள் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. ஆயினும் ஆண்டுக்கணக்கில் அவதிப்படுவோர் பலர். சரியான மருந்து எது, அதை எவ்வளவு, எத்தனை நாள், எங்கே பூசுவது, களிம்பால் குணமாகாத தொற்றுகள் எவை என்பனவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

பூஞ்சை தோலில் வாழும் விதம்

தோலின் மேலடுக்கு, முடி, நகம் ஆகிய மூன்றும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைக்கு அந்தக் கெரட்டினே உணவு. அது தோலில் ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, உண்டபடியே வெளிநோக்கிப் பரவுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் நடுப்பகுதியில் அதை ஓரளவு அடக்கிவிடுவதால், நடுவில் தெளிந்தும் விளிம்பில் சிவந்து தடித்தும் வட்டமாகத் தோன்றுகிறது. ஊர்ப்புறங்களில் இதனை வண்டுகடி என்பர். இந்நோய்க்கு வண்டோ புழுவோ காரணமன்று. பூஞ்சை மும்முரமாக வளர்வது விளிம்பில்தான். கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டியும் அது சிறிது தூரம் சென்றிருக்கும். களிம்பு பூசும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

தேமலும் பொடுகும் வேறு வகைப் பூஞ்சையின் விளைவுகள். மலசீசியா எனப்படும் இந்தப் பூஞ்சை நம் அனைவரின் தோலிலும் இயல்பாகவே இருப்பது. தோல் சுரக்கும் எண்ணெய்ப்பசையை உண்டு வாழ்வது. வியர்வையும் வெப்பமும் மிகும்போது சிலருக்கு அது அளவுக்கு மீறிப் பெருகித் தேமலாகிறது. ஆகவே தேமல் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்ச வேண்டியதில்லை. படர்தாமரை அவ்வாறன்று, துண்டு, உடை, படுக்கை வழியாக வீடு முழுவதும் பரவக்கூடியது.

மூன்றாவது வகை கேண்டிடா. மார்பகத்தின் அடி மடிப்பு, தொடையிடுக்கு, குழந்தைகளுக்கு டயாப்பர் படும் இடம், எந்நேரமும் நீரில் கை வைப்போரின் விரலிடுக்கு என ஈரம் தங்கும் இடங்களில் இது வளரும். இது அடிக்கடி திரும்ப வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நீரிழிவு இருப்பதையே இத்தொற்றின் வாயிலாக அறிந்துகொண்டவர்கள் உண்டு.

எந்த மருந்து எதற்கு

குளோட்ரிமசோல் 1%, மைக்கோனசோல் 2%, கீட்டோகோனசோல் 2%, லுலிகோனசோல் 1% ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை மேற்சொன்ன மூன்று வகைப் பூஞ்சைகளுக்கும் எதிராகச் செயல்படும். டெர்பினஃபைன் 1% வேறு குடும்பம்; படர்தாமரைப் பூஞ்சைக்கு எதிராகவே அது வலிமையுடையது. பூஞ்சை தன் செல் சுவரை ஒட்டிய சவ்வைக் கட்ட எர்கோஸ்டிரால் என்னும் பொருளை உருவாக்கிக்கொள்கிறது. இந்த இரு குடும்ப மருந்துகளும் அதைத் தடுக்கின்றன. மனித செல்களில் எர்கோஸ்டிரால் இல்லை. ஆகையால் இவற்றைப் பல வாரங்கள் பூசினாலும் உடலுக்குப் பெருந்தீங்கு நேர்வதில்லை. சிலருக்கு எரிச்சலோ ஒவ்வாமையோ வரலாம், அவ்வளவே. நிஸ்டாட்டின் கேண்டிடாவுக்கு மட்டுமே பயன்படும். படர்தாமரைக்கு அதைப் பூசுவது வீண்.

நூறாண்டுக்கு மேல் பழைமையான விட்ஃபீல்டு களிம்பும் இன்றும் புழக்கத்தில் உள்ளது. அதில் 6% பென்சாயிக் அமிலமும் 3% சாலிசிலிக் அமிலமும் உள்ளன. தடித்த தோலை உரித்தெடுப்பதால் உள்ளங்காலுக்கு அது ஏற்றது. தொடையிடுக்கிலும் முகத்திலும் பூசினால் எரிந்து புண்ணாகும்.

விலை கூடிய களிம்பே வலிமை மிக்கது என்று எண்ண வேண்டாம். லுலிகோனசோலை நாளுக்கு ஒரு முறை பூசினால் போதும், குளோட்ரிமசோலை இரு முறை பூச வேண்டும் என்பது நோயாளிக்குத் தெரியும் முக்கிய வேறுபாடு. மலிவான மருந்தைச் சரியாகப் பூசியவர் குணமடைவதையும், விலையுயர்ந்ததைப் பத்து நாளில் நிறுத்தியவர் மீண்டும் வருவதையும் அடிக்கடி காண்கிறோம்.

எவ்வளவு, எத்தனை நாள்

சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை களிம்பை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். பெரியவர் ஒருவரின் விரலில் அது ஏறத்தாழ அரை கிராம். அந்த அளவு, விரல்களையும் சேர்த்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதுமானது. இருபுறத் தொடையிடுக்கிலும் இடுப்பிலுமாக நான்கு உள்ளங்கை அளவுக்குப் படர்தாமரை உள்ள ஒருவருக்கு ஒரு வேளைக்கு 1 கிராம், இரு வேளைக்கு 2 கிராம் தேவை. அவருக்கு 15 கிராம் ட்யூப் ஒரு வாரமே வரும். ஒரே ட்யூபை இரண்டு மாதம் வைத்திருந்ததாக யாரேனும் சிக்கனமாகச் சொன்னால், மருந்து தோலுக்குப் போதிய அளவு போய்ச் சேரவில்லை என்றே பொருள்.

குளித்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, தோல் நன்கு உலர்ந்த பிறகு பூசுங்கள். விளிம்புக்கு வெளியே இரண்டு விரல் அகலம் வரை, நல்ல தோலின் மீதும் பூச வேண்டும். வெளியிலிருந்து நடுவை நோக்கித் தேய்ப்பது நல்லது. பூசிய பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

அரிப்பு ஒரு வாரத்தில் குறையும். பெரும்பாலோர் மருந்தை நிறுத்துவது அப்போதுதான். அரிப்பு குறைவது பூஞ்சையின் எண்ணிக்கை குறைந்ததை மட்டுமே காட்டும். அது முற்றிலும் நீங்கியதைக் காட்டாது. தோலின் மேலடுக்கு உதிர்ந்து புதிதாக வளர வாரங்கள் ஆகும். பூஞ்சை படிந்த அடுக்கு முழுவதும் உதிரும்வரை மருந்து அங்கே இருக்க வேண்டும். ஆகவே தடிப்பும் செதிலும் கண்ணுக்கு முற்றிலும் மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். மொத்தத்தில் நான்கு வாரத்துக்குக் குறையாது. இக்காலப் படர்தாமரைக்குப் பலருக்கு ஆறு வாரத்துக்கு மேலும் ஆகிறது. ஆறிய இடத்தில் கருமை நிற்கும். அது தழும்பின் நிறமே. அதற்காக மருந்தை நீட்டிக்க வேண்டியதில்லை.

ஸ்டீராய்டு கலந்த களிம்பின் தீங்கு

முதலில் குறிப்பிட்ட ட்யூபுக்கு வருவோம். அதில் பூஞ்சை எதிர்ப்பு மருந்துடன் ஒரு நுண்ணுயிர்க் கொல்லியும் ஒரு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு, தோலின் எதிர்ப்பு வினையை அடக்கும் மருந்து. அரிப்பும் சிவப்பும் அந்த எதிர்ப்பு வினையால் தோன்றுபவை. எனவே இரண்டே நாளில் அரிப்பு நின்று, "கைகண்ட மருந்து" என்று தோன்றும். எதிர்ப்பு அடங்கியதும் பூஞ்சை தடையின்றிப் படரும். நிறுத்தியவுடன் அரிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். மீண்டும் அதையே பூசத் தோன்றும். சில மாதங்களில் வட்ட வடிவமே அழிந்து, இது பூஞ்சைதானா என்று மருத்துவருக்கே ஐயம் எழும் அளவுக்கு உருமாறிவிடும். உருமறைந்த படர்தாமரை என்னும் பொருள்பட இதற்குப் பிரிட்டன் மருத்துவர்கள் இருவர் 1968ஆம் ஆண்டிலேயே பெயரிட்டார்கள். அன்று அரிதாக இருந்தது இன்று நம் புறநோயாளிப் பிரிவுகளில் அன்றாடக் காட்சி.

தொடையிடுக்கிலும் அக்குளிலும் ஸ்டீராய்டு பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து, கருவுற்ற பெண்களின் வயிற்றில் தோன்றுவதைப் போன்ற வரிகள் விழுகின்றன. அவ்வரிகள் மறைவதில்லை. இருபது வயது இளைஞர்கள் அவ்வரிகளைக் காட்டி, இவை போகுமா என்று கேட்கும்போது சொல்வதற்கு நல்ல பதில் இல்லை. முகத்தில் பூசினால் பருக்களும் நிரந்தரச் சிவப்பும் வரலாம்.

ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், டெக்சாமெத்தசோன், மொமெட்டாசோன், ஃபுளூசினோலோன் இவற்றுள் ஏதேனும் ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018ஆம் ஆண்டில் விதியைக் கடுமையாக்கியது. கடைக்காரர் தானாக எடுத்துத் தந்தாலும், பக்கத்து வீட்டார் அன்புடன் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே பூசிவருபவர் அச்சப்பட வேண்டாம். மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். ஸ்டீராய்டை நிறுத்திப் பூஞ்சை மருந்தை மட்டும் தொடங்கும்போது முதல் ஓரிரு வாரம் அரிப்பு கூடலாம். புதிய மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிப் பழைய ட்யூபுக்குத் திரும்புவோர் பலர். அந்த நாள்களைக் கடப்பதற்கு அரிப்பைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் தருவார். உடலின் பெரும்பகுதியில் பல மாதங்கள் பூசியிருந்தாலோ, குழந்தைக்குப் பூசியிருந்தாலோ, நிறுத்தும் முறையை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஸ்டீராய்டு தோல் வழியாக உட்சென்று உடலின் சொந்த ஹார்மோன் சுரப்பைக் குறைத்திருக்கக்கூடும்.

மருந்துக்கு அடங்காத பூஞ்சை

கடந்த பத்தாண்டுகளில் இந்தியாவில் படர்தாமரையின் இயல்பே மாறியிருக்கிறது. இப்போது மிகுதியாகக் காணப்படும் பூஞ்சைக்கு 2020ஆம் ஆண்டில் டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று பெயர் சூட்டப்பட்டது. பெயரிலேயே இந்தியா இருக்கிறது. இதில் பல திரிபுகள் டெர்பினஃபைனுக்கு அடங்குவதில்லை. அது பிற நாடுகளுக்கும் பரவி, 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் முதன்முதலாக இருவரிடம் கண்டறியப்பட்டதாக அந்நாடு அறிவித்தது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் தாராளப் புழக்கமும், பாதியில் நிறுத்திய சிகிச்சைகளும் இந்நிலைக்குக் காரணமானவற்றுள் அடங்கும் என்று தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

எனவே நான்கு வாரம் முறையாகப் பூசியும் குறையவில்லை என்றால், அல்லது உடலில் பல இடங்களில் பரவியிருந்தால், களிம்பு மட்டும் போதாது. இட்ரகோனசோல் போன்ற மாத்திரை தேவைப்படும். இம்மாத்திரைகளை இதய பலவீனம், கல்லீரல் நோய் உள்ளவர்களும், கருவுற்றவர்களும், வேறு மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்பவர்களும் மருத்துவர் அறியாமல் உட்கொள்வது ஆபத்து. அண்ணனுக்கு எழுதித் தந்ததைத் தம்பி சாப்பிடுவது கூடாது. கர்ப்பிணிகளுக்குக் குளோட்ரிமசோல் போன்ற களிம்பே பொதுவாகப் பாதுகாப்பானது.

தலையில் தொற்று: பொடுகா, படர்தாமரையா?

இந்த வேறுபாட்டைப் பெற்றோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பொடுகு, தோலில் எண்ணெய்ச் சுரப்பு மிகும் பருவ வயதுக்குப் பின் வருவது. தலைப் படர்தாமரையோ பெரும்பாலும் பருவமடையாத குழந்தைகளுக்கு வருவது. ஆறு ஏழு வயதுக் குழந்தையின் தலையில் செதில் உதிர்ந்து, அங்கங்கே முடி ஒடிந்து கரும்புள்ளிகளாகத் தெரிந்தால் அதைப் பொடுகு என்று விட்டுவிடாதீர்கள். புழுவெட்டு என்றும் எண்ண வேண்டாம். புழுவெட்டில் செதில் இருக்காது, வழுவழுப்பாக முடி மட்டும் உதிர்ந்திருக்கும்.

தலைப் படர்தாமரைக்குக் களிம்பு பூசிக் குணப்படுத்த இயலாது. பூஞ்சை முடியின் உள்ளேயும் வேரிலும் புகுந்திருப்பதால் களிம்பு அங்கே எட்டாது. கிரிசியோஃபுல்வின் அல்லது டெர்பினஃபைன் மாத்திரையைக் குழந்தையின் எடைக்கேற்பச் சில வாரங்கள் தர வேண்டும். கிரிசியோஃபுல்வினைப் பால் போன்ற கொழுப்புள்ள உணவுடன் தந்தால்தான் உடலில் நன்கு சேரும். கீட்டோகோனசோல் ஷாம்பு, பிறருக்குப் பரவுவதைக் குறைக்கத் துணையாக மட்டும் உதவும்.

காலம் தாழ்த்தினால் சில குழந்தைகளுக்குத் தலையில் மெத்தென்ற வீக்கம் எழுந்து, சீழ் வடிந்து, கழுத்தில் நெறிகட்டும். அதைக் கட்டி என்று எண்ணிக் கீறிவிடுவதும், மொட்டையடித்து மஞ்சள் பூசிவிட்டுக் காத்திருப்பதும் உண்டு. அது கீற வேண்டிய கட்டியன்று. உரிய மாத்திரையை உடனே தொடங்காவிட்டால் அவ்விடத்தில் தழும்பு விழுந்து முடி மீண்டும் முளைக்காமலே போகும். ஒரு குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் தலையில் வழுக்கைத் திட்டு தங்கிவிடுவதை இரண்டு வாரம் முன்னதாக வந்திருந்தால் தடுத்திருக்கலாமே என்று வருந்திய நாள்கள் எனக்கு உண்டு. மொட்டையடிப்பதால் இந்நோய் தீராது. மருந்து தொடங்கிய குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாம். சீப்பு, தொப்பி, துண்டு ஆகியவற்றை மட்டும் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களின் பொடுகுக்கு 2% கீட்டோகோனசோல் ஷாம்பு வாரம் இரு முறை, இரண்டு முதல் நான்கு வாரம் வரை. நுரை வந்ததும் அலசிவிடுவதே பொதுவான தவறு. மயிர்க்கால்களில் படும்படி தேய்த்து ஐந்து நிமிடம் விட்டுப் பின் அலசுங்கள். பொடுகு அடங்கிய பின்னும் வாரம் ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ தொடர்ந்தால் திரும்புவது குறையும். பொடுகை அறவே ஒழிக்கும் மருந்து இல்லை. செதில் உலர்ந்திருப்பதைப் பார்த்து, தலை வறண்டுவிட்டது என்று இரவெல்லாம் எண்ணெய் ஊறவைப்பது நம் வழக்கம். பொடுகுப் பூஞ்சைக்கு எண்ணெய்ப்பசையே உணவு. எண்ணெய் வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் குளிப்பதற்குச் சற்று முன் வைத்து அன்றே அலசிவிடுங்கள்.

தேமல்

மார்பு, முதுகு, கழுத்துப் பகுதியில் பரவலாக உள்ள தேமலுக்குச் சிறு ட்யூப் போதாது. 2.5% செலீனியம் சல்ஃபைடு லோஷனைப் பூசிப் பத்து நிமிடம் கழித்துக் குளிப்பதை ஏழு நாள் செய்தாலோ, கீட்டோகோனசோல் ஷாம்புவை உடலில் பூசி ஐந்து நிமிடம் கழித்து அலசுவதை ஐந்து நாள் வரை செய்தாலோ பூஞ்சை அடங்கும். வெளிறிய நிறம் திரும்ப மட்டும் மாதங்கள் ஆகும். நிறம் வரவில்லையே என்று மருந்தை மாற்றிக்கொண்டே போக வேண்டாம். சொறிந்தால் பொடிபோல் செதில் உதிராவிட்டால் பூஞ்சை போய்விட்டது என்று கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். வெளிறிய திட்டின் மீது தொட்டால் உணர்ச்சி குறைவாகவோ இல்லாமலோ இருந்தால் அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். களிம்பு பூசாமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். அதற்கு இலவசமாகவும் முழுமையாகவும் குணமளிக்கும் சிகிச்சை உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியவை

படர்தாமரை வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களையும் பாருங்கள். வெட்கத்தால் சொல்லாமல் மறைப்போர் இருப்பார்கள். ஒருவர் மட்டும் மருந்து பூசி மற்றவர் பூசாவிட்டால் தொற்று வீட்டுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வரும். ஆகையால் தொற்றுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் சிகிச்சை பெறுவது அவசியம். ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சோப்பு. தொற்றுள்ளவரின் உள்ளாடைகளையும் துண்டையும் தனியாக வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் உலர்த்துங்கள். இறுக்கமான ஜீன்ஸ், நைலான் உள்ளாடை ஆகியவற்றைத் தவிர்த்துத் தளர்ந்த பருத்தி உடை அணியுங்கள். இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருப்போர் சிகிச்சை முடியும்வரை அதைக் கழற்றிவையுங்கள். வியர்வையில் நனைந்த கயிற்றில் பூஞ்சை தங்கி, ஆறிய இடத்தில் மீண்டும் தொற்றும். அவிழ்க்க மனமில்லாதவர்கள் மருந்து முடிந்த பின் புதுக்கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள்; பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

சீமை அகத்திக்கு வண்டுகொல்லி என்றொரு பெயர் உண்டு. பெயரே அதன் பயன்பாட்டைச் சொல்கிறது. அதன் இலைச்சாறு பெரும் தீங்கு செய்வதில்லை. அதையே நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் தீங்கு. பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டுவது, மண்ணெண்ணெய் தடவுவது, கல்லால் தேய்ப்பது ஆகியவை தோலை வெந்துபோகச் செய்து நோயைப் பெருக்குகின்றன. இவற்றைச் செய்ய வேண்டாம்.

கால்விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்குக் குளோட்ரிமசோலை இரு வேளை பூசி, விரலிடுக்கை உலர்வாக வைத்தால் போதும். நகத்தில் பூஞ்சை புகுந்தால் களிம்பு உள்ளே செல்லாது. நகப்பூச்சு மருந்தோ மாத்திரையோ பல மாதம் தேவைப்படும். நீரிழிவு உள்ளவர்கள் கால்விரலிடுக்கு வெடிப்பைச் சிறிது என்று கருத வேண்டாம். அதன் வழியாகக் கிருமிகள் புகுந்து கால் முழுவதும் வீங்கலாம். காய்ச்சலோ, கால் சிவந்து சூடாவதோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மருத்துவமனைக்கு வரும்போது இதுவரை பூசிய எல்லா ட்யூப்களையும், காலியானவை உட்பட, எடுத்து வாருங்கள். வரும் நாளன்று தோலில் எதையும் பூசாமல் வருவது நல்லது. செதிலைச் சிறிது சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். அது வலியற்ற சோதனை; சற்று நேரத்திலேயே முடிவு தெரிந்துவிடும்.